யாரைக் கேட்காமல் விட்டோம்? உள்ளாட்சிக் கருத்துக்கணிப்பை நேர்மையாக நடத்தும் முறை

ஏழெட்டுத் தன்னார்வலர்கள் இருந்தால் ஆறு வாரத்துக்குள் உங்கள் ஊரில் ஒரு கருத்துக்கணிப்பை நீங்களே நடத்தி முடிக்கலாம். அதன் வழிமுறையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. முடிவை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போகும்போது, "யாரோ நாலு பேரைக் கேட்டுட்டு வந்திருக்கீங்க" என்று அவர் ஒதுக்கிவிடாதபடி அது நிற்க வேண்டும். அதற்கான வேலை கேள்வி கேட்கும் நாளில் தொடங்குவதில்லை. கேள்வி யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குச் சேராது என்று முடிவாகும் நாளிலேயே கணிப்பின் நேர்மையும் முடிவாகிவிடுகிறது. பிறகு எத்தனை ஆயிரம் பதில் வந்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

வானகரத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மதுரவாயல், நொளம்பூர், அம்பத்தூர் எல்லாம் உள்ளே போயின. வானகரம் திருவள்ளூர் மாவட்டத்தின் வில்லிவாக்கம் ஒன்றியத்தில் ஊராட்சியாகவே நின்றது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பக்கத்து மாநகராட்சியோடு சேர்வதா, ஊராட்சியாகவே இருப்பதா என்பது இப்படிப்பட்ட புறநகர் ஊர்கள் எல்லாவற்றிலும் ஓடும் விவாதம். சேர்ந்தால் வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும் என்பது ஒரு தரப்பு. பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வேறு எப்படி வரும் என்பது இன்னொரு தரப்பு. தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாத காலத்தில் ஊரின் எண்ணத்தைச் சொல்ல ஒரு நேர்மையான கணிப்பு கூடுதலாகவே தேவைப்படுகிறது.

ஏன் எண்ணிக்கையை நம்பக் கூடாது

கோட்பாடு இந்தப் பகுதியோடு சரி. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் திரும்பி வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். இதழ் பெயர்களைத் திரட்டியது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் உரிமையாளர் பட்டியலிலும். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் இல்லாதவர் என்ன நினைத்தார் என்பது அந்த அட்டைகளில் இல்லை. வசதியும் அக்கறையும் உள்ளவர்களே மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியதால் சாய்வு இன்னும் கூடியது. அதே தேர்தலில், இதில் மிகச் சிறு பங்கு ஆட்களைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் கேலப்பின் கணிப்பு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. இன்று குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் லிங்கைப் போட்டு, "ஆயிரம் பேர் பதில் சொல்லிவிட்டார்கள்" என்று மகிழ்வதும் இதே தவறுதான். குழுவில் இருப்பவர் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர். மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவரை யாரும் குழுவில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே தீயில் வெந்திருந்தால்தான் பொருந்தும். வானகரம் போன்ற ஊர் அப்படி வேகவில்லை. பழைய ஊர்ப் பகுதியில் தலைமுறையாக இருப்பவர்கள், அடுக்குமாடியில் பிளாட் வாங்கி வந்தவர்கள், போர்ஷன் வாடகைக்காரர்கள், விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள், குடோன்களிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை வேலைகளிலும் இருக்கும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தண்ணீரும் சாலையும் வரியும் வேறு வேறு விதமாகப் படுகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிராம சபை இருக்கிறதே, அக்கறை உள்ளவர் அங்கே வந்து பேசட்டுமே என்பார்கள். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபை தீர்மானம் போடும் அதிகாரம் உள்ள மன்றம். அந்த அதிகாரம் கருத்துக்கணிப்புக்கு ஒருபோதும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் அங்கே வருபவர் தாமாக வருபவர். ஷிஃப்ட் வேலைக்காரரும் வாடகைக்காரரும் கைக்குழந்தைக்காரரும் வராத சபையின் கைதட்டலை ஊரின் எண்ணம் என்று அளந்து சொல்ல முடியாது. முடிவெடுக்க சபையும், அந்தச் சபைக்குத் தகவல் தர கணிப்பும் தேவை.

படி 1: ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

எந்த முடிவுக்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். "ஊர்ப் பிரச்சினைகள் பற்றி மக்கள் கருத்து" என்று எழுதினால் நாற்பது கேள்விகள் வந்து சேரும், இருபதாவது கேள்வியில் வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார். "மாநகராட்சியோடு இணைவதைக் குடியிருப்பவர்கள் ஆதரிக்கிறார்களா, ஏன்?" என்பது போதும். கூடவே, எந்த விடை வந்தாலும் வெளியிடுவோம் என்று குழுவினர் அனைவரும் முன்கூட்டியே கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். விடை பிடிக்காவிட்டால் பீரோவுக்குள் போகும் கணிப்பு பிரச்சாரமாகிவிடும்.

படி 2: வீடுகளை நீங்களே எண்ணுங்கள்

உழைப்பு அதிகம் கேட்பது இந்தப் படி. பெரும்பாலோர் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான். தயாராகக் கிடைக்கும் பட்டியல் ஒவ்வொன்றும் யாரையோ விடுகிறது. வாக்காளர் பட்டியலில் வெளியூர் வாக்குரிமை வைத்திருக்கும் வாடகைக்காரரும் வடமாநிலத் தொழிலாளரும் இல்லை. வீட்டு வரிப் பட்டியலில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும், அவர் வேறு ஊரில்கூட இருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கு இந்தப் பக்கத்தின் வளர்ச்சிக்கு முந்தையது. ஆகவே தெருவில் இறங்கி எண்ணுவதே நம்பகமான வழி.

1. ஊராட்சி வரைபடத்தைத் தெருவாரியாகப் பிரித்து ஒவ்வொரு தெருவுக்கும் இருவரை அனுப்புங்கள்.

2. எண்ண வேண்டியது கதவுகளை அல்ல, தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடித்தனங்களை. ஒரே கேட்டுக்குள் கீழ்வீடு, மாடி வீடு, பின்பக்கப் போர்ஷன், மொட்டைமாடி அறை என்று நாலு குடித்தனம் இருக்கும். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஈபி மீட்டர்கள் முதல் குறிப்பு தரும். சில வீடுகளில் ஒரே இணைப்பிலிருந்து சப்-மீட்டர் போட்டு வாடகைக்கு விட்டிருப்பார்கள் என்பதால் மீட்டரைப் பார்த்ததோடு நிற்காமல், "மேல யாராவது தனியா குடியிருக்காங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. விடுதி, குடோன் மேல்தளம், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகை ஆகியவற்றையும் பதியுங்கள். அங்கே ஓர் அறையை ஒரு குடித்தனமாக வைத்துக்கொள்ளலாம்.

4. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், தெரு, தளம், சொந்தமா வாடகையா என்பதை மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். சொந்தம், வாடகை விகிதம் கடைசிப் படியில் மிகவும் தேவைப்படும்.

கேட்டட் கம்யூனிட்டி எனப்படும் காவலாளி வைத்த அடுக்குமாடிகளில் உள்ளே விட மாட்டார்கள். சங்கச் செயலாளருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்து, குலுக்கலில் வரும் பிளாட்டுகளுக்கு மட்டும் போக அனுமதி கேளுங்கள். "நாங்களே கேட்டுச் சொல்கிறோம்" என்று சங்கத்தார் முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

படி 3: குலுக்கிப் போடுங்கள்

எண்ணி முடித்ததில் 3,000 குடித்தனம் என்று வைத்துக்கொள்வோம். 300 வேண்டுமென்றால் பத்துக்கு ஒன்று. 1 முதல் 10 வரை சீட்டெழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று பட்டியலின் கடைசி வரை போங்கள். பல தரப்பு ஆட்கள் முன்னிலையில் குலுக்குவது நல்லது. வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் கதவைத் திறந்தவர் முடிவு செய்யக் கூடாது. 18 வயது நிறைந்தவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைக் கேளுங்கள். பகலில் போனால் திறப்பவர் பெரும்பாலும் பெண்கள் அல்லது முதியவர்கள், ஞாயிறு மட்டும் போனால் ஆண்களே பேசுவார்கள். இந்தச் சிறு விதி இரண்டையும் சமன் செய்யும்.

எத்தனை பேர் போதும்? முறையாகக் குலுக்கிய மாதிரியில் 100 பேர் என்றால் முடிவு சுமார் 10 புள்ளி முன்பின் இருக்கலாம். 400 என்றால் சுமார் 5 புள்ளி, 1,600 என்றால் சுமார் 2.5. நான்கு மடங்கு உழைத்தால் பிழை பாதியாகிறது. ஊர் பெரிதா சிறிதா என்பதால் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. "இவ்வளவு பெரிய ஊருக்கு 400 பேரா?" என்று யாரும் கேட்டால் இதுதான் பதில். குலுக்காமல் சேர்த்த பதில்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது.

எச்சரிக்கை: குலுக்கலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிடாதீர்கள். எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்தாகவே கணிப்பு மாறிவிடும். காலை, இரவு ஏழு மணிக்குப் பின், ஞாயிறு என மூன்று முறை வெவ்வேறு நேரம் போங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று பதியுங்கள்.

படி 4: கேள்வித்தாள்

"வரி உயர்வுக்கு வழிவகுக்கும் மாநகராட்சி இணைப்பை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள். "குடிநீர், சாக்கடை வசதிகளைத் தரும் இணைப்பை" என்று தொடங்கினாலும் அதே குற்றம். இப்படிக் கேளுங்கள்: "வானகரம் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைப்பது பற்றிப் பேச்சு இருக்கிறது. நீங்கள் இதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, இன்னும் முடிவு செய்யவில்லையா, இதுபற்றித் தெரியாதா?" பாதித் தாள்களில் 'எதிர்க்கிறீர்களா' முதலில் வரும்படி அச்சடியுங்கள். 'தெரியாது' என்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தெரியாதவர்களைக் கேட்டு என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை என்றால் அதுதான் அதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டிய முதல் செய்தி.

அனுபவத்தையும் அபிப்பிராயத்தையும் கலக்காதீர்கள். "தண்ணீர் வசதி திருப்தியா?" என்பதற்கு முன்னால் "போன வாரம் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேனா, லாரியா, குழாயா, போரா?" என்று கேளுங்கள். திருப்தி எதிர்பார்ப்பைப் பொறுத்து ஏறி இறங்கும், கேன் தண்ணீருக்குக் கொடுத்த காசு அப்படி இறங்காது. மத்திய அரசின் வாழ்வு எளிமைக் குறியீடு 2020-இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம். அதே குறியீட்டுக்காக மக்கள் எண்ணத்தைக் கேட்ட பகுதியில் அதிக மதிப்பெண் வாங்கியது புவனேஸ்வர். வசதி ஒன்று, வசதி பற்றிய எண்ணம் வேறொன்று. இரண்டையும் கேட்டு, இரண்டையும் தனித்தனியாக வெளியிடுங்கள்.

பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். தமிழோடு இந்தி, ஒடியா தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும். குலுக்கலுக்கு வெளியே உள்ள பதினைந்து வீடுகளில் முன்சோதனை செய்து, ஆட்கள் "என்ன கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்கும் இடங்களைத் திருத்துங்கள்.

படி 5: களத்தில் பாதுகாப்பு

பதில் சொல்பவரின் பாதுகாப்பு முதலில் வருகிறது. வீட்டு உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது வாடகைக்காரர் உண்மை பேச மாட்டார், ஒப்பந்தக்காரர் காதில் விழும் தூரத்தில் தொழிலாளி வாய் திறக்க மாட்டார். தனியே பேச வழியில்லை என்றால் தாளை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்ட தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆதார் எண், வாக்காளர் அட்டை எண், போன் எண் எதையும் வாங்காதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், உங்களிடம் இல்லாத தகவல் கசியாது.

2. சாதி, கட்சி பற்றிக் கேட்காதீர்கள். திட்டப் பலன் கிடைக்கும் என்று சொல்லி யாரையும் பேசவைக்காதீர்கள். கணக்கெடுப்பு என்ற பெயரில் வாக்காளர்களைப் பலன்களுக்குப் பதிவு செய்வதை நிறுத்தும்படி 2024 மே 2 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் களப்பணியைத் தள்ளிப்போடுங்கள்.

3. இருவர் இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும். காவல் நிலையத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வீட்டுக்குள் கூப்பிட்டாலும் வாசலிலேயே பேசி முடியுங்கள்.

4. எவரும் தம் சொந்தத் தெருவில் கேள்வி கேட்கக் கூடாது. தெரிந்தவரிடம் மனிதர்கள் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள்.

5. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய், "எங்க ஆளுங்க வந்தாங்களா, எவ்வளவு நேரம் பேசினாங்க?" என்று கேட்க வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய தாள்கள் இதில்தான் பிடிபடும்.

படி 6: கணக்கு

எண்ணிய பட்டியலோடு பதில் சொன்னவர்களை ஒப்பிடுங்கள். கற்பனையாக ஒரு கணக்கு: ஊரில் 60 சதவீதம் வாடகைக் குடித்தனம், 40 சொந்தம். ஆனால் பதில் சொன்னவர்களில் 40 சதவீதம் வாடகை, 60 சொந்தம். சொந்த வீட்டுக்காரரில் 70 சதவீதமும் வாடகைக்காரரில் 30 சதவீதமும் இணைப்பை ஆதரிக்கிறார்கள். அப்படியே கூட்டினால் ஆதரவு 54. ஊரில் உள்ள விகிதப்படி திருத்தினால், 70-இல் 40 சதவீதம் 28, 30-இல் 60 சதவீதம் 18, மொத்தம் 46. பெரும்பான்மை சிறுபான்மையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தாளைத் திருத்தவில்லை.

இந்த 46-ஐயும் வெற்றி தோல்வியாக அறிவிக்காதீர்கள். 300 பேர் மாதிரியில் கிட்டத்தட்ட 6 புள்ளி முன்பின் போகலாம். எனவே உண்மை பெரும்பாலும் 40-க்கும் 52-க்கும் இடையில் எங்கோ இருக்கும். "ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, வாடகைக்காரரும் சொந்த வீட்டுக்காரரும் எதிரெதிராக நிற்கிறார்கள்" என்பதே நேர்மையான தலைப்பு. இவ்வளவு தயக்கத்தோடு எழுதினால் யார் மதிப்பார்கள் என்ற கவலை வேண்டாம். பிழையைத் தாமே சொல்லும் அறிக்கையை எதிர்த்தரப்பால் அடித்து நொறுக்க முடியாது.

அரசு நடத்திய கணிப்பை எடைபோட

இதே அளவுகோலை அரசின் கணிப்புகளுக்கும் வையுங்கள். தூய்மை நகரங்களைத் தரவரிசைப்படுத்தும் ஸ்வச் சர்வேக்ஷனில் 2019-இல் மொத்தம் 5,000 மதிப்பெண், அதில் 1,250 மக்கள் கருத்துக்கு. கருத்து நல்லபடி வந்தால் நகராட்சிக்கு மதிப்பெண் கூடும் என்னும்போது, மக்களைப் பதில் சொல்லத் திரட்டும் வேலையையும் அந்த நகராட்சியே செய்வது முறையல்ல. அதிகாரிகள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும், தேர்வு எழுதுபவர் கையில் விடைத்தாள் திருத்தும் வேலையில் ஒரு பங்கைக்கூடக் கொடுக்கக் கூடாது. வாழ்வு எளிமைக் குறியீட்டுக்காக 2020 ஜனவரி 16 முதல் மார்ச் 20 வரை 111 நகரங்களில் 32.2 லட்சம் பேரிடம் கருத்துப் பெற்றார்கள். இணையம், க்யூஆர் கோடு, நேரடிச் சந்திப்பு எனப் பல வழிகள். பிரமாண்டமான எண்ணிக்கைதான். ஆனால் க்யூஆர் கோடைத் தாமாக ஸ்கேன் செய்தவரையும் வீடு தேடிப் போய்க் கேட்டவரையும் ஒரே கூட்டலில் சேர்த்தால், அந்த எண் யாருடையது என்று சொல்ல முடியாது.

நல்ல முன்னுதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சாமுவேல் பால் தொடங்கிய பெங்களூரின் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் 1994, 1999, 2003 என்று மூன்று முறை அந்நகர மக்களிடம் குடிநீர், மின்சாரம், மாநகராட்சி போன்ற சேவைகளுக்கு மதிப்பெண் வாங்கி வெளியிட்டது. கணிப்பை நடத்தியது மதிப்பிடப்படும் துறை அல்ல. சேவையைப் பயன்படுத்தியவரிடம் கேட்டார்கள், குடிசைப் பகுதி மக்களையும் கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முதல் சுற்றில் மிகக் கீழே கிடந்த திருப்தி, மூன்றாம் சுற்றில் கணிசமாக ஏறியது. ஒருமுறை எடுத்த கணிப்பை விட, அதே கேள்வியோடு சில ஆண்டு கழித்து மறுபடி எடுத்த கணிப்பு பல மடங்கு பயன் தரும். கேள்வித்தாளையும் தெருப்பட்டியலையும் பத்திரமாக வையுங்கள்.

படி 7: ஒப்படைப்பு

அறிக்கை நாலு பக்கம் போதும். முதல் பக்கத்தில் எண்ணிய குடித்தனங்கள், குலுக்கலில் வந்தவை, பதில் சொன்னவர், மறுத்தவர், கிடைக்காதவர் என்ற ஐந்து எண்களைப் போடுங்கள். அடுத்து கேட்ட கேள்விகளை ஒரு சொல் மாறாமல் அச்சிடுங்கள். பணம் யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அறிக்கையை வாசிக்க அனுமதி கேளுங்கள்.

அரசுத் தரப்பு தானும் ஒரு கணிப்பு எடுத்ததாகச் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, எந்தப் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், கேள்வித்தாளின் நகல் எங்கே என்று மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.